முதல் தண்ணி ஓடைக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நம் அரைக் காணிக்குப் போனேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே குடையில் இடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தீர்கள். வயலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நான் கீழ்வரப்பை வெட்டி அவ்வளவு தண்ணீரையும் ஓடையில் விட்டேன்.

"என்னாப்பா, கோடை முழுக்கத் தண்ணி இல்ல தண்ணி இல்லன்னு பொலம்பிட்டு, வந்த தண்ணிய வெளிய தொறந்து விடுற" என்று பெரியவள் கேட்டாள். சின்னவன் சிரித்தான். எதிர் மாடி பால்கனியில் பல் விளக்கிக்கொண்டு நின்ற மனிதரும் சிரித்தார்.

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் தப்பு இருக்காது.

அன்று சாயங்காலம் பெரியவளின் சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். வளர்ந்த நாடுகளில் விவசாயிகள் நிலத்தின் குறைகளைத் தொழில்நுட்பத்தால் வென்றுவிடுகிறார்களாம். கடலைத் தள்ளி வயல் ஆக்குகிறார்களாம், குளிரில் கண்ணாடி வீட்டுக்குள் தக்காளி காய்க்கவைக்கிறார்களாம், பாலைவனத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழத்தோட்டம் போடுகிறார்களாம். எல்லாம் நிஜம்தான். அடுத்த பத்தியில் நம்மைப் பற்றி எழுதியிருக்கிறது. நமக்கு மழை சரியில்லை, மண் சரியில்லை. அவ்வளவுதான். அவர்களுக்கு மூளை, நமக்கு மண். இந்தப் பக்கத்தை அந்தம்மா படித்திருந்தால் புத்தகத்தை ஓடையில் வீசியிருப்பார். அப்புறம் அதை அச்சடித்தவர் வீட்டைத் தேடிப் போயிருப்பார்.

அந்தம்மாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் "மதாம்" என்பார்கள், முன்னால் "அம்மா" என்பார்கள். மதாம் என்றதும் தொப்பி வைத்த வெள்ளைக்காரியை நினைக்காதீர்கள். நம் தவளக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள், பிரான்சுக்குப் போனார். மாப்பிள்ளை செத்த பிறகு, மகளை அங்கே ஒரு வேலையில் உட்காரவைத்துவிட்டு, அப்பன் வழியில் வந்த இரண்டு காணி நிலத்துக்காகத் திரும்பி வந்தார். சேலையைத் தூக்கிச் செருகி, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரப்பில் நடப்பார். நடை குட்டை, வேகம் அதிகம்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் விரலை நனைத்து நாக்கில் வைப்பார். வாய்க்கால், கிணறு, போர், குட்டை, எதுவானாலும். அப்புறம் துப்புவார். எவ்வளவு தூரம் துப்புகிறார் என்பதைப் பார்த்தே உப்பு எவ்வளவு என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். ஒருநாள் நம் வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு வாசலில் துப்பினார்.

"இதையா குடிக்கிறீங்க? வவுத்துப் புள்ளக்காரி, ஒனக்குப் புத்தி இருக்கா?"

உங்கள் அம்மாவுக்கு வந்ததே கோபம். அந்தம்மா போனதும் என்னிடம் பாய்ந்தாள். "வூட்டுக்கு வந்தவங்க குடுத்ததக் குடிக்கணும், இல்ல சொம்ப வெச்சிட்டுப் போவணும். துப்புவாங்களா? பிரான்சுல இதான் கத்துக் குடுத்தாங்களா?" அந்த வயிற்றுப் பிள்ளைதான் பெரியவள். மறுவாரம் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தோம். அந்தம்மா சொன்னதால் என்று உங்கள் அம்மா இன்றுவரை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அந்தம்மா முன்னால் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு. "மண்ணு அப்படி." யாராவது அதைச் சொன்னால் போதும். பிரெஞ்சில் திட்ட ஆரம்பிப்பார். அர்த்தம் தெரியாததால் யாருக்கும் வலிக்காது, வேடிக்கை பார்ப்பார்கள். அது தெரிந்ததும் தமிழுக்கு மாறுவார். அப்போது கூட்டம் கலையும்.

தவளக்குப்பம் கூட்ரோட்டு டீக்கடையில் என் பெரியப்பா அந்த வார்த்தையை விட்டுவிட்டார். அந்த வருஷம் எங்கள் பக்கத்து போர் எல்லாம் உப்புக் கரித்தது. நட்ட பயிர் நுனி கருகிச் செத்தது. பெரியப்பா பெருமூச்சு விட்டு, "கடலு உள்ள வந்துடுச்சி. மண்ணு அப்படி. இயற்கைய நாம என்னா பண்ண முடியும்" என்றார்.

அந்தம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கடலுக்குக் காலு இருக்கா, தானா நடந்து வர்றதுக்கு? ஆளுக்கு ஒரு போரு போட்டு, அவன் நூறடின்னா நீ எரநூறடின்னு போட்டி போட்டு உறிஞ்சினீங்க. நல்ல தண்ணி தீந்துச்சி, எடம் காலியா இருக்குன்னு கடலு வந்துச்சி. நீங்க வெத்தல பாக்கு வெச்சிக் கூப்ட்டீங்க. இப்ப இயற்கைங்கிறீங்க."

"பொம்பள பேசுற பேச்சா இது" என்றார் பெரியப்பா.

"ஆம்பள பேசுற பேச்சத்தான் இவ்ளோ நேரம் கேட்டுட்டு இருந்தனே."

டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் வயல்கள் வரிசையாக மேற்கிலிருந்து கிழக்கே சரியும். மேட்டில் அந்தம்மாவின் இரண்டு காணி. அதற்குக் கீழே நான்கைந்து பேர் நிலம். அப்புறம் பெரியப்பா. கடைசியில் ஓடையை ஒட்டி நம் அரைக் காணி. நான் அப்போது ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டே விவசாயமும் பார்த்தேன். இரண்டிலும் தூக்கம்தான் மிச்சம்.

ஒருநாள் அந்தம்மா என் வரப்பில் உட்கார்ந்து, தான் வேலை பார்த்த இடத்தைப் பற்றிச் சொன்னார். பிரான்சின் தெற்கே ஒரு பெரிய ஆறு கடலில் சேருகிற இடமாம், ரோன் என்று பேர். அந்த முகத்துவாரம் பூராவும் உப்புத் தரை. காற்று வேறு ஆளைத் தள்ளும். அதற்கு வரிசையாக மரம் நட்டு வேலி போடுவார்களாம். அங்கே நெல் விளைகிறது என்றார். நான் நம்பவில்லை. பிரான்சில் நெல்லா?

"நெல்லுதான். வயலுக்கு மடை தொறந்து மூடுறதுதான் எனக்கு வேல. ஆத்துத் தண்ணிய பம்பு வெச்சி ஏத்தி வயலு முழுக்கக் கட்டுவாங்க. அந்தத் தண்ணி உப்பக் கரைச்சிக் கீழ தள்ளும். கீழ வடிகாலு இருக்கும், அதுல எறங்கிப் போவும். தண்ணி உள்ள வர ஒரு வழி, உப்பு வெளிய போவ ஒரு வழி. இந்த ரெண்டாவது வழிதான் சூட்சுமம். அது இல்லன்னா மொத வழியே வேஸ்ட்டு."

"அவனுங்க கெட்டிக்காரனுங்கம்மா" என்றேன்.

இதற்கும் திட்டு விழுந்தது. "என்னா கெட்டிக்காரன்? சண்ட போட்டுட்டுதான் கெடப்பானுங்க. ஆனா வடிகாலு பொதுவு. பம்பு பொதுவு. நெலம் வெச்சிருக்கவன் எல்லாம் அதுக்குக் காசு கட்டணும், எவனும் குறுக்க அடைக்க முடியாது, அடைச்சா சட்டம் வரும். அரசாங்கம் கூட நிக்கும். அங்க நெல்ல நெலைக்க வெச்சது யாருன்னு நெனச்ச? நம்மள மாதிரியே பிரெஞ்சுக்காரன் பிடிச்சி வெச்சிருந்த ஊரு, வியட்நாம். அங்கேர்ந்து உலகச் சண்டக் காலத்துல ஆளுங்கள இழுத்துட்டு வந்து அந்தச் சேத்துல எறக்கிவிட்டானுங்க. நட்டது அவுங்க. பேரு இவனுக்கு."

பெரியவளே, இது உன் புத்தகத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்.

நமக்கு ஆறு இல்லை. ஐப்பசி மழைதான் நம் ரோன் என்றார் அந்தம்மா. வரப்பை உயர்த்தி முதல் மழையைக் கட்டுவது, உப்பைக் கரைத்து அந்தத் தண்ணீரை வெளியே விடுவது, அடுத்த மழையைக் கட்டி அதையும் விடுவது. அதற்கப்புறம் வருகிற மழையில் நடவு. இதற்கு மேட்டிலிருந்து ஓடைவரை எல்லார் நிலத்தின் ஓரமாகவும் ஆழமாக ஒரு வடிகால் வேண்டும். கடல் தண்ணீர் ஓடை வழியாக ஏறி வயலுக்குள் வந்துவிடாமல் இருக்க, கடைசியில் ஒரு சிமெண்ட் குழாய் பதித்து, அதன் வாயில் லாரி டயரை வெட்டி ஒரு ரப்பர் மூடி தொங்கவிட்டார். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும். வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். குழாயைப் பதித்தது நம் அரைக் காணியில். நான்தான் சம்மதித்தேன்.

எல்லாரையும் சம்மதிக்கவைக்க அந்தம்மா பட்ட பாடு இருக்கிறதே. வீடு வீடாகப் போனார். பெரியப்பா கடைசியில்தான் இறங்கி வந்தார். ஒருவழியாக வடிகால் வெட்டினோம்.

மழை பெய்தது. நல்ல மழை. வரப்பு முட்டத் தண்ணீர். விடிந்ததும் அந்தம்மா பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து தன் மடையைத் திறந்தார். நானும் திறந்தேன். மற்றவர்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

இதை எப்படிச் சொல்வது? விளையாட்டுக்குக்கூட நம் ஆட்கள் வயல் தண்ணீரை வெளியே விட மாட்டார்கள். நண்டு ஓட்டை போட்டால்கூடப் பதறி ஓடி அடைப்பார்கள். தண்ணீருக்காக வெட்டுக்குத்து நடந்த ஊர். அங்கே போய், பெய்த மழையைக் கடலுக்கு விடு என்றால்?

"ஒனக்கு பென்ஷன் வருது, நீ விடுவ. எங்களுக்கு மறுபடி மழ வரும்னு எழுதிக் குடுப்பியா?" என்றார் பெரியப்பா.

"இது மண்ணு குளிச்ச தண்ணிய்யா. குளிச்ச தண்ணியில சோறு வடிப்பியா நீ?"

"எங்க அப்பன் காலத்துலேர்ந்து தண்ணிய வெளிய விட்டதில்ல."

"ஒங்க அப்பன் காலத்துல உப்பு இருந்துச்சா?"

அப்போதும் யாரும் மடையைத் திறக்கவில்லை. அந்தம்மா தானே இறங்கி ஒவ்வொரு மடையாக வெட்டினார். முன்னால் அவர் வெட்டிக்கொண்டு போக, பின்னால் அவர்கள் அடைத்துக்கொண்டு வந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணால் பார்த்தேன். சேற்றில் நின்று அந்தம்மா தமிழிலும் பிரெஞ்சிலும் கத்தியதை இங்கே எழுத மாட்டேன், நீங்கள் குழந்தைகள்.

அந்த வருஷம் மழை சீக்கிரமே நின்றுவிட்டது. அவர்கள் வயலில் தண்ணீர் பளபளவென்று நின்றது. அந்தம்மா வயலும் நம் வயலும் காய்ந்து கிடந்தன. டீக்கடையில் ஒரே சிரிப்பு. "மதாம் கடலுக்கு மோரு ஊத்திட்டாங்க" என்றார்கள். ஆனால் தை பிறந்து அந்தத் தண்ணீர் வற்ற வற்ற, கரைந்த உப்பெல்லாம் மேலே வந்து, அவர்கள் வயல் மாவு தெளித்த மாதிரி வெளுத்தது. பயிர் நின்ற இடத்திலேயே வெந்தது. எங்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் ஓரமாகக் கொஞ்சம் நெல் அறுத்தோம். அவ்வளவுதான். ஆனால் அந்தம்மா வடிகாலில் விரலை விட்டு நாக்கில் வைத்து, தூரமாகத் துப்பினார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். உப்பு வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வருஷம் எல்லாரும் திறப்பார்கள் என்று நம்பினார்.

அவர்கள் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வடிகால் வழியாகத்தான் கடல் உள்ளே வந்ததாம். அந்தம்மா வெட்டியதால்தான் மண் வெளுத்ததாம்.

அந்த நேரம் பார்த்து, நிலத்தை வாங்கி மனை போட்டு விற்கிற பிளாட்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, வாயில் பாக்கு. "வெளையாத மண்ண வெச்சிக்கிட்டு ஏன் பெரியவரே கஷ்டப்படுறீங்க, மண்ணு அப்படி" என்றார். அதே வார்த்தை. இந்தத் தடவை தலையாட்ட நிறையப் பேர் இருந்தார்கள். வடிகாலைத் தன் செலவிலேயே மூடித் தருவதாகவும் சொன்னார். ஜேசிபி வந்தது. பெரியப்பா நிலத்து ஓரத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி ஒரே காலையில் மூடினார்கள்.

அந்தம்மா ஜேசிபிக்கு முன்னால் போய்ப் படுப்பார் என்று ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. அவர் யாரையும் பார்க்காமல் நேராக நம் அரைக் காணிக்கு வந்தார். குழாய் வாயிலிருந்து ரப்பர் மூடியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். சேறு சேலையெல்லாம் வழிந்தது.

"எங்கம்மா எடுத்துட்டுப் போறீங்க" என்று கேட்டேன்.

"இது என் டயரு" என்றார். அந்தம்மா திட்டாமல் போனதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். இது எங்கள் வேலை இல்லை, அவர்கள் வேலை என்று பந்தாடினார்கள். வளர்ந்த நாட்டில் அரசாங்கம் வாய்க்கால் வெட்டும். இங்கே நாமே வெட்டினதை மூடும்போதும் ஒருத்தரும் வரவில்லை. இதைப் புத்தகத்தில் போடச் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வயல் பிளாட் ஆனது, பிளாட் வீடானது. பெரியப்பாவே தன் பங்கில் ஒரு வீடு கட்டி மொசைக் போட்டுக் குடி வந்தார். மேலே அந்தம்மாவின் இரண்டு காணி, கீழே நம் அரைக் காணி, நடுவில் வீடுகள். வடிகால் இல்லாததால் அந்தம்மா போட்டதெல்லாம் கருகியது. போட்டுக்கொண்டேதான் இருந்தார்.

அப்புறம் ஒரு கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. அந்தம்மா வழக்கம்போல் முதல் தண்ணீரைத் திறந்துவிட்டார். தண்ணீருக்குப் பழைய வழிதானே தெரியும். நேராகப் போய்த் தெருவில் நின்றது, தெருவிலிருந்து வீடுகளுக்குள் போனது. பெரியப்பா ஹாலில் கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதந்தது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்தார். நானும் போனேன்.

"ஒன் தண்ணி எங்க வூட்டுக்குள்ள வருது. மடைய மூடும்மா" என்றார்.

அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தொறன்னு சொன்னப்போ மூடினீங்க. இப்ப நான் தொறந்தா மூடுங்கறீங்க. இது என் தண்ணியா? மழைத் தண்ணி. அது போற வழிய மூடுனது யாரு?"

அந்தம்மா கையிலிருந்த மண்வெட்டியைப் பெரியப்பா முன்னால் நட்டார்.

"வெட்டுங்க. நான் மேல இருந்து லெவல் பாத்து சொல்றேன்."

வெட்டினார்கள். நான் வெறுப்போடு சொல்கிறேன், வெட்டினார்கள். பெரியப்பா, அவர் மகன், வேட்டியைத் தூக்கிக் கட்டிய பக்கத்து வீட்டு பேங்க்காரர், எல்லாரும். இடிபாட்டைப் பெயர்த்து, பழைய தடத்திலேயே நம் அரைக் காணிவரை அன்று பொழுது சாய்வதற்குள் வெட்டி முடித்தார்கள். வயலுக்காக வெட்டச் சொன்னபோது வீடு வீடாகப் போய்க் கெஞ்சவேண்டியிருந்தது. ஹாலுக்குத் தண்ணீர் வந்ததும் ஒரு நாளில் முடிந்தது. முடியாத வேலையாக அது எப்போதும் இருந்ததில்லை. இதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்காது.

அந்தம்மா வீட்டுக்குப் போய் அந்த ரப்பர் மூடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குழாய் வாயில் திரும்ப மாட்டினார். தண்ணீர் அதை முட்டித் திறந்துகொண்டு ஓடையில் விழுந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார். ரொம்ப தூரம் துப்பினார்.

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. அந்தம்மாவைக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கால் வீங்கியிருந்தது, சிறுநீரகம் சரியில்லை. நான் போனபோது நர்ஸ் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்னா தண்ணி?" என்று அந்தம்மா கேட்டார்.

"சேலைன்மா. உப்புத் தண்ணி மாதிரிதான்."

"உள்ள ஏத்துறியே, வடிய வழி இருக்கான்னு பாத்தியா?"

நர்ஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பக்கம் திரும்பி, "தம்பி, கொழாய் ஒன் நெலத்துல இருக்கு" என்றார். பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றோ, சத்தியம் செய் என்றோ கேட்கவில்லை. குழாய் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மகள் வந்து காரியம் முடித்துவிட்டு இரண்டு காணியை விற்றுவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்லி என்ன. அங்கேயும் இப்போது வீடுகள். கம்பெனி மூடியபின் அந்த வீடுகளுக்குத்தான் நான் கேன் தண்ணீர் போடுகிறேன். அவர்கள் போர் எல்லாம் உப்பு. நான் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது ஒவ்வொரு படியிலும் கோபம் வருகிறது. இறங்கும்போது கொஞ்சம் குறைகிறது.

பிளாட்காரர் இப்போதும் வருகிறார். பாக்கை விட்டுவிட்டார், சட்டை அதே வெள்ளை. போன மாதமும் வந்து, "அரைக் காணில என்னா வந்துடப் போவுது, மண்ணு அப்படி" என்றார். வருகிறதை நீங்கள் பார்த்தீர்கள். போன பொங்கலுக்கு நாம் பொங்கினது அந்த அரிசிதான். அவருக்கு விற்றால் முதலில் போவது, இந்தத் தெருத் தண்ணீரெல்லாம் இன்றும் வடிகிற அந்தக் குழாய். நான் விற்கவில்லை.

பெரியவளே, பரீட்சையில் கேட்டால் புத்தகத்தில் உள்ளதையே எழுது. மார்க் வேண்டும். ஆனால் அடுத்த மழைக்கு மண்வெட்டியை நீ எடு, கீழ்வரப்பை நீ வெட்டு. வெட்டிவிட்டு, ரப்பர் மூடி சரியாகத் திறக்கிறதா என்று போய்ப் பார். பால்கனியிலிருந்து அந்த மனிதர் சிரித்தால் மரியாதையாகவே கேள். "அங்கிள், ஒங்க வூட்டு ஹாலு காஞ்சிருக்கா?" என்று கேள்.